ஆர்கெஸ்ட்ராவில் ட்ரம்பெட் இருக்கும்போது கார்னெட் எதற்கு? இரண்டும் வாயால் ஊதும் பித்தளை வாத்தியம், ஒன்றுதானே?

இன்றைக்கு இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பி ஃப்ளாட் (வாத்தியத்தின் அடிப்படைச் சுருதி) ட்ரம்பெட், பி ஃப்ளாட் கார்னெட் இரண்டிலும் குழாயின் நீளம் ஏறக்குறைய நாலரை அடி. மூன்று வால்வு (விரலால் அழுத்தினால் குழாயின் நீளம் கூடி சுரம் மாறும்), அதே விரல்கள். பள்ளி பேண்டில் ட்ரம்பெட் ஊதிய என்னிடம் முதன்முதலில் ஒரு கார்னெட்டைக் கொடுத்தபோது, குட்டையாகச் சுருட்டிய ட்ரம்பெட் என்றுதான் நினைத்தேன்.

1830இல் கதை வேறு. பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் தன் 'சிம்பொனி ஃபான்டாஸ்டீக்'கில் இரண்டு ட்ரம்பெட்டும் இரண்டு கார்னெட்டும் கேட்டிருக்கிறார். அந்த ட்ரம்பெட்டுக்கு வால்வே கிடையாது. நம் கோயில் எக்காளம் மாதிரி வெறும் குழாய்; உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் கிடைக்கிற சுரங்களோடு சரி. கீழே போகப்போக ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பெரிய பள்ளம். முழக்கத்துக்கு அது போதும், மெட்டுக்குப் போதாது. (பாக் காலத்தில், அதாவது 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், உச்ச ஸ்தாயியில் மெட்டு வாசித்தவர்கள் உண்டு. அந்த வித்தை பிறகு வழக்கொழிந்துவிட்டது.)

கார்னெட்டின் பூர்வீகம் தபால் வண்டிக்காரர்கள் ஊதிய கொம்பு. 1820களின் கடைசியில் பாரிஸில் அதற்கு வால்வு பொருத்தினார்கள். எல்லா சுரமும் கைக்கு வந்தது. ஆக ட்ரம்பெட் முழங்கும், கார்னெட் பாடும். வேடிக்கை என்னவென்றால், பெர்லியோஸுக்கே அதன் மேல் பெரிய மதிப்பில்லை. அதன் சத்தம் மலினமானது என்று குறைபட்டுக்கொண்டவர், அப்புறம் அதே சிம்பொனியின் நடனப் பகுதிக்குத் தனியாக ஒரு கார்னெட் எழுதிச் சேர்த்தார்!

ட்ரம்பெட்டுக்கும் வால்வு வந்த பிறகு கார்னெட் உடனே போய்விடவில்லை. சைகோவ்ஸ்கியின் 'கப்ரிச்சியோ இத்தாலியன்' (1880), டெபுஸியின் 'லா மேர்' (1905) இரண்டிலும் இரண்டு வகையும் உண்டு. அன்றைய எஃப் ட்ரம்பெட் சுமார் 6 அடி நீளம், கனத்த குரல். பி ஃப்ளாட் போன்ற குட்டை ட்ரம்பெட் பரவிய பிறகுதான் கார்னெட்டின் வேலை பறிபோனது. ஸ்ட்ராவின்ஸ்கியின் 'பெட்ருஷ்கா' பாலேவே சாட்சி: 1911இல் இரண்டு ட்ரம்பெட், இரண்டு கார்னெட், 1947 திருத்தத்தில் மூன்று ட்ரம்பெட் மட்டும்.

மிச்சமிருக்கும் வித்தியாசம் குழாயின் வடிவம். ட்ரம்பெட்டில் குழாய் பெரும்பகுதி ஒரே அகலம். கார்னெட்டில் மெல்ல மெல்ல விரியும், மௌத்பீஸும் ஆழம். அதனால் சத்தத்தின் விளிம்பு மழுங்கி, இதமாக இருக்கும். பல ஆர்கெஸ்ட்ராக்கள் இப்போது கார்னெட் பகுதியையும் ட்ரம்பெட்டிலேயே வாசித்துவிடுகின்றன. மற்ற இடங்களில் நான் கண்டுகொள்ள மாட்டேன். 'பெட்ருஷ்கா'வில் பாலே பொம்மை ஆடும் இடத்தில் மட்டும் எனக்குக் கார்னெட்தான் வேண்டும். ட்ரம்பெட்டில் அவள் பொம்மையாக இல்லாமல் சிப்பாயாக நடக்கிறாள்.