ஜிஎன்யூ ரேடியோவில் பைத்தான் மெசேஜ் பிளாக்குகள்: கேள்வி பதில்

கேள்வி (தாம்பரம், மாணவர்): ஐயா, பிளாக்குகளை இணைத்து ரேடியோ சமிக்ஞைகளைக் கையாளும் மென்பொருளான ஜிஎன்யூ ரேடியோவில், நானே நிரல் எழுதும் எம்பெடட் பைத்தான் பிளாக்கில், செய்திகள் வந்துசேரும் வாயிலான மெசேஜ் போர்ட் ஒன்றைப் பதிவு செய்தேன். குறித்த இடைவெளியில் செய்தி அனுப்பும் மெசேஜ் ஸ்ட்ரோப் பிளாக் நொடிக்கு ஒரு செய்தி அனுப்பியும் என் பிளாக் அசையவில்லை. பிழை எதுவும் காட்டவுமில்லை.

பதில்: போர்ட்டைப் பதிவு செய்த நீங்கள், அதில் வருவதை எந்தச் செயற்கூறு (ஃபங்ஷன்) வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. மெசேஜ்_போர்ட்_ரெஜிஸ்டர்_இன் வரியை அடுத்து, அதே பெயருடன், ஹேண்ட்லரை (செய்தியை வாங்கும் செயற்கூறை) குறிப்பிடும் செட்_எம்எஸ்ஜி_ஹேண்ட்லர் வரியும் வேண்டும். அது இல்லாதவரை செய்திகள் வரிசையில் குவிந்துகொண்டே இருக்கும். மென்பொருளுடன் வரும் அமைப்புக் கோப்பிலுள்ள 8192 என்ற வரம்பைத் தாண்டிய பிறகே எச்சரிக்கை தோன்றும். நொடிக்கு ஒன்று வீதம் அதற்கு இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் யார் காத்திருப்பார்கள்?

கேள்வி (அடையாறு): ரிச்சி தெருவில் வாங்கிய ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற யுஎஸ்பி ரேடியோ வாங்கியை 93.5, 98.3, 101.4 மெகாஹெர்ட்ஸ் என இரண்டு நொடிக்கு ஒருமுறை மாற்ற விரும்பி, ஹேண்ட்லருக்குள் காத்திருக்கச் செய்யும் ஸ்லீப் கட்டளையை வைத்தேன். ஒலி திக்குகிறது.

பதில்: ஹேண்ட்லரும், சமிக்ஞையின் மாதிரிகளை (சாம்பிள்) கையாளும் ஒர்க் செயற்கூறும் அந்த பிளாக்கின் ஒரே இழையில்தான் (த்ரெட்) மாறி மாறி ஓடுகின்றன. உங்கள் பிளாக் வழியாக ஒலியும் பாய்வதால், ஹேண்ட்லர் தூங்கும் இரண்டு நொடியும் ஒர்க் நின்றுவிடுகிறது. உங்கள் பிளாக்குக்கு மாதிரிகளைக் கொண்டுவரும் பக்கத்திலுள்ள இடையகங்கள் (பஃபர்) ஒவ்வொன்றாக நிரம்பி, கடைசியில் ரேடியோவிலிருந்து வரும் மாதிரிகளே கைவிடப்படுகின்றன. ஹேண்ட்லர் என்பது வாங்கி, பார்த்து, உடனே திரும்ப வேண்டிய இடம். கால இடைவெளி தேவையென்றால், ஸ்டார்ட் செயற்கூறில் தனி இழை ஒன்றைத் தொடங்கி, அதிலிருந்து மெசேஜ்_போர்ட்_பப் மூலம் அதிர்வெண்ணை வெளியிட்டு, ஸ்டாப் செயற்கூறில் அந்த இழையை முறையாக நிறுத்துங்கள். நிறுத்த மறந்தால் சாளரத்தை மூடிய பிறகும் நிரல் உயிரோடு கிடக்கும். நானே பலமுறை அதைக் கையால் கொல்ல வேண்டியிருந்தது. வெளியிட்ட மதிப்பை அதிர்வெண் மாறிக்குக் கொண்டுசெல்ல மெசேஜ் பேர் டு வார் பிளாக் போதும். அதற்குப் பெயரும் மதிப்பும் கொண்ட இணையாக அனுப்ப வேண்டும்.

கேள்வி (ராயபுரம்): துறைமுகக் கப்பல்கள் 161.975 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் ஏஐஎஸ் (கப்பல்களின் தானியங்கி அடையாள முறை) சட்டகங்கள் பிடியுவாக (தரவுப் பொட்டலமாக) வருகின்றன. பைட்டுகளை எப்படிப் பிரிப்பது?

பதில்: பிடியு ஓர் இணை. செய்திகளுக்கான தரவு வகையான பிஎம்டியின் 'கார்' செயற்கூறு கொடுப்பது விவர அகராதி. 'சிடிஆர்' செயற்கூறு கொடுப்பது பைட்டுகளின் வெக்டர் (வரிசை). திருப்பி அனுப்பும்போது இரண்டையும் 'கான்ஸ்' செயற்கூறு கொண்டு மீண்டும் ஓர் இணையாக்குங்கள். வெறும் சரத்தை அனுப்பிவிட்டு அடுத்த பிளாக்கைக் குறை சொல்பவர்களே அதிகம்.

கேள்வி (அவரே): சட்டகம் எந்த மாதிரியில் தொடங்கியது என்பதைச் செய்தியிலிருந்து அறியலாமா?

பதில்: செய்தி மாதிரி ஓட்டத்தோடு ஒத்திசைந்து வருவதில்லை, ஆகவே அது வந்த நேரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். தொடக்கத்தைக் கண்டறியும் பிளாக்கிலேயே மாதிரி எண்ணைக் குறித்து, விவர அகராதியில் சேர்த்து அனுப்புங்கள்.