சுருக்கக் கமென்ட் குறி வேண்டுமா? மொரீஷியஸ் வாசகர்களுக்குப் பதில்கள்

கமென்ட் என்பது நிரலில் கணினி படிக்காமல் தாண்டிப் போகும் பகுதி. நிரலாக்க மொழியில் வரியை மட்டும் மறைக்காமல், அடுத்து வரும் முழுக் கோவையையும் (ஒரு மதிப்பு அல்லது அடைப்புக்குள் அமைந்த நிரல் துண்டு) விட்டுவிடச் செய்யும் சுருக்கக் குறி தேவையா என்று நம்மவர்கள் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ரோஸ் ஹில் வாசகி: கமென்ட்டுக்குத்தான் குறி இருக்கிறதே ஐயா, இன்னொன்று எதற்கு?

அடைப்புகளால் ஆன மொழிகளில் எழுதிப் பாருங்கள், தேவை புரியும். குளோஜர் மொழியில் ஒரு கோவையின் கடைசி வரிக்கு முன்னால் ; என்ற கமென்ட் குறி போட்டால், அந்த வரியோடு மூடும் அடைப்புகளும் மறைந்துவிடும். நான் அப்படி ஒரு மாலை முழுவதும் அடைப்பு எண்ணியிருக்கிறேன். அங்கே #_ என்ற குறி அடுத்த கோவையை மட்டும் விலக்கும். (+ 1 #_2 3) என்று எழுதினால் விடை 4. நீளமான கோவையானாலும் இரண்டே எழுத்துகள்தான். ஸ்கீம் மொழியின் 2007 தர அறிக்கையும் இதே வேலைக்கு #; குறியை ஏற்றுக்கொண்டது.

குவாத்ர் போர்ன் வாசகர்: சி மொழியில் // சேர்ந்தபோது ஏதாவது கெட்டதா அண்ணா?

கெட்டது, அதுவும் சத்தமில்லாமல். // என்ற வரிக் கமென்ட் குறி பழைய பிசிபிஎல் மொழியில் இருந்தது. சி அதை எடுத்துக்கொள்ளவில்லை. சி++ மீட்டெடுத்தது. 1999 தரத்தில்தான் சி மொழிக்குள் வந்தது. இந்த வரியைப் பாருங்கள்:

10 //* பாதி */ 2

1989 தரத்தின்படி முதல் கோடு வகுத்தல், அடுத்துள்ள /* கமென்ட்டின் தொடக்கம். விடை 5. 1999 தரத்தின்படி // தொடங்கி அந்த வரி முடியும்வரை எல்லாமே கமென்ட். கூற்றை முடிக்கும் அரைப்புள்ளி அடுத்த வரியில் இருந்தால் கம்பைலர் (நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் மென்பொருள்) மறுப்பே சொல்லாமல் 10 என்று கொள்ளும். பிழை என்று நின்றிருந்தாலாவது திருத்தியிருக்கலாம்.

போர்ட் லூயி வாசகர்: பைத்தானிலும் // வைக்கலாமா?

முடியாது. 2001இல் வந்த 2.2 பதிப்பிலிருந்து அது வகுத்தல் குறி. 7 // 2 என்றால் 3.

மோக்கா மாணவி: இவ்வளவு சிறிய குறிக்கு ஏன் இத்தனை சண்டை?

நம் நாட்டிலேயே பார்த்தோமே. 1998இல் வந்த புதிய ரூபாய் நோட்டுகளில் இந்தி எழுத்துகள் தமிழுக்கு மேலே ஏறின. மாறியது வரிசை மட்டும்தான். ஆனாலும் நோட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பழகிய இடத்தை மாற்றினால், அதை நம்பி இருப்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். கேட்க வேண்டும். நிரலாக்கத்திலும் அப்படித்தான். 2020இல் பிஎச்பி மொழியின் 8ஆம் பதிப்பு வந்தபோது #[ என்பது பண்புக்குறியானது, அதாவது நிரல் பகுதிக்குக் கூடுதல் தகவல் சேர்க்கும் குறி. அதுவரை # என்றாலே கமென்ட். #[ என்று தொடங்கிய பழைய கமென்ட்டுகளை எல்லோரும் தேடித் திருத்த வேண்டியிருந்தது.

வக்வா வாசகர்: உங்கள் வாக்கு எந்தப் பக்கம்?

ஆதரவாகத்தான், ஒரே நிபந்தனையோடு. நேற்றுவரை கம்பைலர் பிழை என்று நிறுத்திய எழுத்துச் சேர்க்கையாக அது இருக்க வேண்டும். உங்கள் மனத்திலுள்ள குறியை இப்போதைய கம்பைலரில் இட்டுப் பாருங்கள். பிழை காட்டினால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து முன்மொழிவோம்.