9,000 பவுண்டு பாக்ஸ்டர்: முதலில் லைசன்ஸைப் பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: லண்டன் ஹாரோவுக்கு வந்து 9 மாதம் ஆகிறது. கையில் இந்திய லைசன்ஸ். ஒருவர் தன் 2007 போர்ஷே பாக்ஸ்டர் எஸ் வண்டியை 9,000 பவுண்டுக்குத் தருகிறேன் என்கிறார், 78,000 மைல் ஓடியது. கூரை திறக்கும் வண்டி மேல் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை. வாங்கலாமா?

ஆசையில் தப்பே இல்லை. பாக்ஸ்டர் உண்மையிலேயே அருமையான வண்டி. எஞ்சின் நடுவில் உட்கார்ந்திருப்பதால் வளைவில் திரும்பும்போது அதற்கு இணையாக இந்த விலையில் வேறொன்றைக் காட்டுவது கஷ்டம். ஆனால் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அந்த வருடமும் அந்த எஞ்சினும் உங்கள் லைசன்ஸ் நிலையோடு சேரும்போது, இன்றைக்கு வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

இந்திய லைசன்ஸை வைத்து, இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். இலங்கை லைசன்ஸுக்கும் அதே கணக்கு. சிங்கப்பூர் லைசன்ஸ் என்றால் நேரடியாக மாற்றிக்கொள்ளலாம். நம்முடையதை மாற்ற முடியாது, எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் எழுதித் தேற வேண்டும். உங்களுக்கு மிச்சம் 3 மாதம். ஓட்டும் தேர்வுக்குத் தேதி கிடைப்பதற்கே பல இடங்களில் மாதக்கணக்கில் ஆகிறது. 12 மாதம் முடிந்த மறுநாளிலிருந்து நீங்கள் பழகுநர்தான்: எல் பலகை ஒட்ட வேண்டும், பக்கத்தில் முழு லைசன்ஸ் வைத்திருப்பவர் உட்கார வேண்டும். மீறி ஓட்டினால் வண்டியைப் பறிமுதல் செய்யலாம். ஆகவே பழகுநர் லைசன்ஸுக்கு இன்றே விண்ணப்பம் போடுங்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். இங்கே கார்களை 1 முதல் 50 வரை குழுவாகப் பிரித்திருக்கிறார்கள், எண் கூடக் கூட இன்சூரன்ஸ் செலவும் கூடும். பாக்ஸ்டர் 40-க்கு மேல். ஊரில் பத்து வருடம் விபத்தே இல்லாமல் ஓட்டியிருந்தாலும் அதற்கான கட்டணச் சலுகையைப் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்காது. வண்டியைப் போய்ப் பார்ப்பதற்கு முன்பே, அதன் நம்பரைப் போட்டு ஒப்பீட்டுத் தளங்களில் விலை கேளுங்கள். இந்திய லைசன்ஸ் என்று ஒரு தடவை, இங்கத்திய முழு லைசன்ஸ் என்று ஒரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தாலே பொறுத்திருப்பதா வேண்டாமா என்று தெரிந்துவிடும். இன்னொன்று, இதை நம் ஆட்கள் சாதாரணமாகச் சொல்வார்கள்: "மாமா பெயரில் எடுத்துவிடு, உன்னை இரண்டாவது ஓட்டுநராகச் சேர்த்துக்கொள்ளலாம், பாதிதான் ஆகும்." வண்டியை முக்கியமாக ஓட்டுவது நீங்கள் என்றால் அது மோசடி. விபத்து நடந்தபின் கண்டுபிடித்தால் உங்களுக்குப் பணம் வராது, மாமாவின் பெயரும் கெடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

சாலை வரி. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2001 மார்ச் முதல், 2017 ஏப்ரலுக்கு முன்பு பதிவான கார்களுக்கு கார்பன் புகை அளவை வைத்து வரி. 2006 மார்ச் 23 முதல் பதிவானவற்றில் கிலோமீட்டருக்கு 225 கிராமைத் தாண்டினால் வருடத்துக்கு 700 பவுண்டுக்கு மேல். அதற்கு முன்பு பதிவானவை எவ்வளவு புகை விட்டாலும் 400 சொச்சத்தோடு நின்றுவிடும். நீங்கள் பார்த்த 3.4 லிட்டர் எஸ் எல்லையைத் தாண்டிய வண்டி.  நம்பரை அரசுத் தளத்தில் போட்டால் சரியான தொகையே வரும். புகை அதிகம் விடும் பழைய வண்டிகளுக்கான லண்டன் யூலெஸ் கட்டணம் ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு, ஆனால் 2006-க்குப் பிந்தைய பெட்ரோல் வண்டிக்குப் பொதுவாகக் கிடையாது. அந்தக் கவலை வேண்டாம்.

இப்போது எஞ்சின். பாக்ஸ்டரில் 2004 கடைசியில் வந்த தலைமுறைக்கு 987 என்று பெயர், உங்கள் வண்டியும் அதுதான். அந்த 987 மாடலில் 2008 வரைக்கும் உள்ள எஞ்சின்களுக்கு இரண்டு பெயர் போன வியாதிகள் உண்டு. ஒன்று ஐஎம்எஸ் பேரிங். கேம் செயினை ஓட்டும் இடைத்தண்டைத் தாங்குவது அது. பேரிங்குக்குள் அடைத்திருக்கும் கிரீஸ் நாளாவட்டத்தில் கரைந்து போக, உள்ளே உள்ள குண்டுகள் தேய்ந்து உடைந்தால் செயின் நிலை தவறி வால்வும் பிஸ்டனும் மோதிவிடும். எஞ்சின் அதோடு சரி. முந்தைய 986-இலும் 2005 வரையிலான வண்டிகளிலும் கிளட்ச் மாற்றும்போதே இதையும் மாற்றிவிடலாம். மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேட்க வேண்டும். 2006 முதல் 2008 வரை பெரிய பேரிங் போட்டார்கள். அது உடைவது அபூர்வம், ஆனால் எஞ்சினைப் பிரிக்காமல் வெளியே எடுக்க முடியாது.

உங்கள் வண்டிக்கு நான் அதிகம் பயப்படுவது இரண்டாவதற்கு: சிலிண்டர் சுவரில் கீறல் விழுவது. 3.4-இல்தான் இது அடிக்கடி வருகிறது. பிஸ்டன் மேல் உள்ள பூச்சு தேய்ந்ததும் பிஸ்டன் சுவரை நேராக உரச ஆரம்பிக்கும். குளிரில் எடுத்தவுடனே விரட்டி ஓட்டிய வண்டி என்றால் இன்னும் சீக்கிரம். ஆயில் குடிக்கும். சூடான பிறகும் நிற்காமல், எஞ்சின் வேகத்தோடு கூடவே ஏறும் ஒரு டக் டக் சத்தம் கேட்கும். முழுதாகப் பிரித்துச் சீர் செய்யும் செலவு வண்டி விலையையே தாண்டும். 245 குதிரைத்திறன் 2.7 எஞ்சினில் இந்தக் கீறல் அரிது. 2009 முதல் வந்த 2.9, 3.4 இரண்டிலும் இடைத்தண்டே கிடையாது. என் யோசனை: 2007, 2008-இன் 2.7 ஒன்றைத் தேடுங்கள். கொஞ்சம் கூடப் போட முடிந்தால் 2009-இன் 2.9. எஸ் என்ற ஒற்றை எழுத்துக்காக இந்த ஆபத்தை எடுக்காதீர்கள்.

எதைப் பார்க்கப் போனாலும் "வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். பானெட்டைத் திறந்து எஞ்சினைத் தொட்டுப் பார்க்கும் வழி இந்த வண்டியில் இல்லை, முன்னும் பின்னும் டிக்கிதான். சைலன்சர் முனையில் கை வையுங்கள். சில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் எதையோ மறைக்கச் சூடாக்கியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் செய்ததும் ஒரு சின்னப் புகைத் திரள் வந்து மறைந்தால் பயம் வேண்டாம், படுத்த சிலிண்டர் எஞ்சினில் ஆயில் கொஞ்சம் கசிவது வழக்கம். வெள்ளையாகக் குப்பென்று வந்து நிற்காமல் போனால், ஆயில் ஆவியைப் பிரிக்கும் ஏஓஎஸ் என்ற பாகம் போய்விட்டது.

கூரையை எல்லோரும் திறந்து மூடிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதைப் பாதியில் நிறுத்துங்கள். மடிந்து இறங்கும் குழியின் இரண்டு மூலையிலும் மழைநீர் வெளியேறும் துளை இருக்கும். இலைச் சருகும் பாசியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். ஒரு தம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பின்சக்கரம் பக்கம் தரையில் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் மழைநீர் எல்லாம் உள்ளேதான் போயிருக்கிறது. இருக்கைக்குப் பின்னால் கார்ப்பெட்டில் உள்ளங்கையை அழுத்தி எடுங்கள், ஈரம் ஒட்டினாலும் பழைய துணி வாடை வந்தாலும் விட்டுவிடுங்கள். 986-இல் சாவியை அடையாளம் காணும் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கைக்கு அடியில்தான் இருக்கிறது. அது நனைந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. துணி மடியும் ஓரங்களில் தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கதவுக் கைப்பிடியை இழுக்கும்போது கண்ணாடி ஒரு விரல்கடை இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கதவுப் பூட்டில் உள்ள மைக்ரோ ஸ்விட்ச் போயிருக்கலாம்.

முன் பம்பரின் இரண்டு ஓட்டைக்குள்ளும் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பாருங்கள். ரேடியேட்டரும் ஏசி கண்டென்சரும் அங்கேதான். இலை குவிந்து ஈரம் காயாமல் இருந்து அலுமினியம் அரித்துப் போகும். குளிர்காலமாக இருந்தாலும் ஏசி போட்டுச் சில்லென்று வருகிறதா பாருங்கள். டயரில் என்0, என்1 என்று போர்ஷே முத்திரை இருப்பது நல்லது. 2318 என்பது போல நான்கு இலக்கம் இருந்தால் 2018-இன் 23-ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம்.

இவ்வளவும் தேறினால், அந்த மாடலில் பழகிய தனி மெக்கானிக்கிடம் காசு கொடுத்துப் பரிசோதனை செய்யுங்கள். பொதுவான பட்டியலை டிக் அடிக்கும் ஆளிடம் கொடுத்துப் பயனில்லை. ஆறு சிலிண்டருக்குள்ளும் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். லிஃப்டில் ஏற்றி பிரேக் பைப் துரு, முன் ஸ்பிரிங், சைலன்சர் போல்ட் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரிலிருந்து எஞ்சின் அதிவேகப் பதிவை எடுக்கச் சொல்லுங்கள்: 1 முதல் 6 வரை படி இருக்கும், 4, 5, 6-இல் சமீபத்திய பதிவு இருந்தால் தவறான கியருக்கு இறக்கி எஞ்சினை வதைத்திருக்கிறார்கள். அதோடு எஞ்சின் ஓடிய மணி நேரமும் வரும். 78,000 மைலுக்கு 2,600 மணி என்றால் சராசரி 30 மைல் வேகம், நம்பலாம். 4,500 மணி என்றால் சராசரி 17-தான். ஒன்று வாழ்நாள் முழுக்க நெரிசலில் ஊர்ந்த வண்டி, அல்லது மீட்டரைத் திருப்பிய வண்டி.

காகித விஷயம். நம்பரைப் போட்டால் எம்ஓடி என்ற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையின் வரலாறு அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பாஸ், ஃபெயில் மட்டும் பார்க்காதீர்கள். ஆண்டுதோறும் மைல் ஒழுங்காக ஏறுகிறதா, ஒரே எச்சரிக்கையை மூன்று வருடமாகச் சரி செய்யாமல் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். எச்பிஐ போன்ற சோதனைக்குச் சில பவுண்டு கொடுத்து, வண்டி மேல் கடன் பாக்கி உண்டா, விபத்தில் கழித்த வண்டியா என்று தெரிந்துகொள்ளுங்கள். வி5சி என்ற பதிவுப் புத்தகம் உரிமைப் பத்திரம் அல்ல, யார் பெயரில் பதிவு என்று மட்டும் சொல்லும். ஆகவே அதில் உள்ள முகவரி வீட்டு வாசலில்தான் வண்டியைப் பார்க்க வேண்டும், சேஸிஸ் எண்ணையும் ஒப்பிட வேண்டும்.

தனி நபரிடம் வாங்கினால், அவர் பொய் சொல்லாதவரை பழுது உங்கள் தலையில். டீலரிடம் கொஞ்சம் விலை கூடும், ஆனால் வாங்கும்போதே இருந்த பழுது என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் வழி தருகிறது. முன்பணமாக ஒரு சிறு தொகையையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். வண்டி விலை 30,000-க்குள் இருந்தால் டீலர் கைவிட்டாலும் கார்டு கம்பெனியிடம் முழு விலைக்கும் முறையிடலாம். எங்கே வாங்கினாலும் கையிருப்பில் 2,000 பவுண்டைத் தொடாமல் வைத்திருங்கள். கிளட்ச், கண்டென்சர், நான்கு டயர் என்று முதல் வருடத்திலேயே அது கரைந்துவிடக்கூடும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை கூரை திறக்கும் வண்டிகளின் விலை இறங்கியிருக்கும், மழையில் ஒழுகுகிறதா என்றும் பார்த்துவிடலாம். அதற்குள் லைசன்ஸ் தேர்வை முடித்துவிடப் பாருங்கள். வாங்கும் நாளில் பழையவர் கட்டிய வரி உங்களுக்கு வராது. வி5சியில் புது ஆளுக்கென்று உள்ள பச்சைச் சீட்டின் 12 இலக்க எண்ணைப் போட்டு அங்கே நின்றபடியே வரி கட்டுங்கள், இன்சூரன்ஸ் தொடங்கிவிட்டதா பாருங்கள், பிறகு சாவியைத் திருப்புங்கள். பெட்ரோல் போடும்போது எத்தனால் கூடுதலாகக் கலந்த சாதா இ10 வேண்டாம், சூப்பர் இ5 போடுங்கள். இந்த எஞ்சின் 98 ஆக்டேனுக்காகச் செய்தது.