பொருந்தாத வீல் சிலிண்டர் கப்

உங்கள் பழைய காரின் வீல் சிலிண்டரில் (டிரம் பிரேக்கின் ஷூக்களைத் தள்ளும் சிறு உருளை) ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் கப்பை இருமுறை மாற்றிய பிறகும் பிரேக் ஆயில் கசிகிறது என்கிறீர்கள். கப்பைக் காரின் மாடலையும் ஆண்டையும் வைத்துத் தேடாமல், வீல் சிலிண்டரின் உள்விட்டத்தை வைத்துத் தேடுங்கள். இருமுறை மாற்றிய பிறகும் பிரேக் ஆயில் கசிகிறது என்கிறீர்கள். பழைய கார்களில் இடையில் யாராவது 20 மி.மீ. சிலிண்டரை மாட்டியிருப்பதுண்டு, அதில் முக்கால் அங்குலக் கப், அதாவது 19.05 மி.மீ. அளவுடையது, இறுக்கமாக உட்காராது.

பிஸ்டனைக் கழற்றி, இரு பக்கச் சிலிண்டர்களையும் வெர்னியர் அளவுகோலால் தனித்தனியே அளந்துபாருங்கள். வெளிப்புறத் துருவைத் தேய்த்தால் வார்ப்பிலேயே அளவு தெரிவதும் உண்டு.

உள்சுவரில் துருக்குழி விழுந்திருந்தால் சரியான கப்பும் நிற்காது. சிலிண்டரையே மாற்றுங்கள், அல்லது அதற்குள் ஸ்லீவ் (மெல்லிய உள்குழாய்) போடுங்கள். பழைய பிரேக் ஷூக்களை (டிரம்மின் உட்புறத்தை அழுத்தும் வளைந்த தகடுகள்) எறிந்துவிட வேண்டாம், அவற்றிலேயே புது லைனிங் (உராய்வுப் பட்டை) ஒட்ட முடியும். டிரம்முக்குள் இருக்கும் தூசியில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும் என்பதால், காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.