வேகமாக அடித்தும் பிரஷர் ஏன் இறங்குகிறது? பாராமெடிக்கல் மாணவர்களுக்கு இதயக் கேள்வி பதில்

வடசென்னையில் ஆம்புலன்ஸ் பயிற்சிக்குப் போகும் தம்பி தங்கைகள் அனுப்பிய கேள்விகளில் இதயம் பற்றியவை மட்டும் இங்கே.

திருவொற்றியூர் மாணவி: அண்ணா, இடது கீழறைச் சுவர் மட்டும் ஏன் அவ்வளவு தடிமன்?

வலது கீழறை பக்கத்து நுரையீரலுக்குத் தள்ள சுமார் 25 மி.மீ. மெர்க்குரி அழுத்தம் போதும். உடல் முழுதுக்கும் தள்ளும் இடது கீழறைக்கு 120 வேண்டும். இடது பக்கம் அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது என்று பலர் எழுதுகிறீர்கள், தப்பும்மா. அளவு ஒன்றுதான், அழுத்தம்தான் வேறு.

காசிமேடு மாணவர்: நாடி 180, பிரஷர் 80 என்று ஒருவரை ஏற்றினோம். வேகமாக அடித்தால் ரத்தம் அதிகம் போக வேண்டாமா அண்ணா?

நல்ல கேள்வி தம்பி. துடிப்புக்கு 70 மில்லி, நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் சுமார் 5 லிட்டர். இந்தப் பெருக்கலை மனப்பாடம் செய்கிறோம், அந்த 70 மில்லி எப்போது உள்ளே வந்தது என்று கேட்பதில்லை. நாடி 75 இருக்கும்போது ஒரு சுற்றுக்கு 0.8 வினாடி. அதில் சுருங்க 0.3, விரிந்து நிரம்ப 0.5. நாடி 180 ஆனால் மொத்தச் சுற்றே 0.33 வினாடிதான். சுருங்கும் நேரம் கொஞ்சம்தான் குறையும், வெட்டு விழுவது நிரம்பும் நேரத்தில். தண்ணி லாரியில் குடம் நிரம்புமுன் இழுத்துக்கொண்டு ஓடினால், எத்தனை நடை நடந்தாலும் வீட்டு டிரம் நிரம்புமா? இன்னொன்று, இடது கீழறைத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அது விரிந்திருக்கும்போதுதான் கிடைக்கிறது. அடைப்பே இல்லாதவருக்கும் அந்த வேகத்தில் நெஞ்சு வலிக்கலாம்.

தண்டையார்பேட்டை மாணவர்: இதயத்தின் கீழ்ப்பக்க அட்டாக்கில் நாடி 40க்கு இறங்குவது ஏன்?

இ.சி.ஜி.யில் கீழ்ப்பக்கத்தைப் பார்க்கும் 2, 3, ஏ.வி.எஃப். லீடுகளில் எஸ்.டி. பகுதி கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் பெரும்பாலும் இதயத் தசைக்கு ரத்தம் தரும் வலது கரோனரி குழாயில் அடைப்பு. மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டலைக் கடத்தும் முடிச்சான ஏ.வி. நோடுக்கும் நிறையப் பேருக்கு அதுதான் ரத்தம் தருகிறது. நாடியை மெதுவாக்கும் வேகஸ் நரம்பும் சேர்ந்து இழுக்கும். அப்புறம், வலது கீழறையும் அடிபட்டதா என்று காட்டும் வலப்பக்க மார்பு லீடான வி4ஆர் எடுத்துப் பார்க்காமல் நைட்ரேட் மாத்திரையில் கை வைக்காதீர்கள். அடிபட்ட வலது கீழறை, திரும்பி வரும் ரத்தத்தை நம்பியே ஓடுகிறது. மாத்திரை அதைச் சிரைகளிலேயே தேக்கிவிட்டால் பிரஷர் சடாரென விழும்.

மணலி மாணவி: மின்தூண்டல் ஏ.வி. நோடில் ஏன் தாமதிக்கிறது?

சுமார் 0.1 வினாடி. மேலறை முழுதும் கொட்டி முடிக்க.

ராயபுரம் மாணவர்: மானிட்டரில் 130, மணிக்கட்டில் 95. எதை நம்புவது?

இரண்டும் சரியாக இருக்கலாம். மேலறைகள் ஒழுங்கில்லாமல் படபடக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் சில துடிப்புகள் அறை நிரம்புமுன்பே வந்துவிடும், அவை மணிக்கட்டுக்கு எட்டாது. ஒருவர் மார்பில் ஸ்டெத் வைத்தும் இன்னொருவர் மணிக்கட்டைப் பிடித்தும் ஒரே நிமிடத்தை முழுதாக எண்ணுங்கள். ஸ்டான்லி கேஷுவால்டியில் ஒப்படைக்கும்போது இரண்டு எண்ணையும் சொல்லுங்கள்.