விண்வெளி நிலையத்தின் நிழல் தரையில் விழுமா?

கேள்வி: சர்வதேச விண்வெளி நிலையம் 109 மீட்டர் அகலம். பகலில் தலைக்கு மேலே போகும்போது அதன் நிழல் தரையில் ஓடுவது தெரியுமா?

பதில்: தெரியாது. சூரியன் புள்ளி விளக்கல்ல, வானில் அரை டிகிரி அகலமுள்ள தட்டு. அதனால் எந்தப் பொருளின் கருநிழலும் (சூரியன் முழுதும் மறையும் பகுதி) கூம்பாகக் குறுகி, பொருளின் அகலத்தைப் போல் சுமார் 107 மடங்கு தூரத்தில் முடிந்துவிடும். 7 மி.மீ. பென்சிலை உச்சி வெயிலில் தரைக்கு 5 செ.மீ. மேலே பிடியுங்கள்: கறுப்புக் கோடு. முக்கால் மீட்டர் தாண்டினால் சாம்பல் பூச்சுதான். நிலையத்தை ஓட்டையே இல்லாத தட்டாக வைத்துக்கொண்டாலும் கருநிழல் 12 கி.மீ.க்குள் தீர்ந்துவிடும். அது பறப்பதோ 400 கி.மீ. உயரத்தில்.

கேள்வி: புறநிழலாவது (சூரியனின் ஒரு பகுதி மட்டும் மறையும் மங்கல் நிழல்) விழுமா?

பதில்: விழும். சூரியன் உச்சியில் இருந்தால் 4 கி.மீ.க்குச் சற்றுக் குறைவான அகலம். அரை விநாடியில் உங்களைத் தாண்டிவிடும். வெளிச்சம் 0.1 சதவீதம்கூடக் குறையாது.

கேள்வி: நிலாவின் நிழல் மட்டும் எப்படி எட்டுகிறது?

பதில்: அதே கணக்குதான். 3,474 கி.மீ. விட்டத்தை 107-ஆல் பெருக்குங்கள். ஏறக்குறைய நிலாவின் தூரமே வரும். அதிலும் சில தடவை எட்டாமல் போய் கங்கண கிரகணம் (சூரியன் வளையமாகத் தெரிவது) ஆகிறது.

கேள்வி: அந்த அரை விநாடியைப் படம் பிடிக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: புறநிழலுக்குள் நிற்பதென்றால், நிலையம் சூரியனைக் கடப்பதைப் பார்ப்பது என்றே பொருள். புறநிழல் ஓடும் பாதையின் நடுக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் நில்லுங்கள், 2 கி.மீ. விலகினால் கைவிட்டுப் போகும். கடக்கும் நேரம், இடம் பற்றிய கணிப்பை முந்தின நாள் மறுபடி பாருங்கள்: நிலையத்தைச் சற்று மேலே தூக்க எஞ்சினை இயக்கியிருந்தால் பழைய நேரம் செல்லாது. சூரிய வடிகட்டி லென்ஸின் முன்பக்கம் இருக்க வேண்டும். கண் வைக்கும் பக்கம் மாட்டுவது சூட்டில் வெடித்துக் கண்ணைக் கெடுக்கும். குவியத்தைச் சூரியக் கரும்புள்ளியிலோ விளிம்பிலோ வைத்துப் பூட்டுங்கள். ஷட்டர் 1/2000 விநாடி. பலரும் 1/250-இல் எடுத்துவிட்டு லென்ஸைத் திட்டுகிறார்கள். அதற்குள் நிலையம் தன் நீளத்தில் கால்வாசி நகர்ந்து இழுபட்டுவிடும். கடப்புக்கு இரண்டு விநாடி முன்பே தொடர் படப்பிடிப்பைத் தொடங்குங்கள். சூரியன் தாழ்வாக இருக்கும் நாளைத் தவிருங்கள்: நிலையம் ஆயிரம் கி.மீ.க்கு அப்பால் போய்ப் பொட்டாகிவிடும்.

கேள்வி: மாலையில் பளிச்சென்று வந்த நிலையம், மேகமே இல்லாத நடுவானில் மறைந்ததே?

பதில்: பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது.

கேள்வி: விண்கலத்தின் நிழலை யாருமே பார்த்ததில்லையா?

பதில்: பூமியில்தான் இல்லை. 2018 செப்டம்பரில் ஜப்பானின் ஹயபுசா-2 விண்கலம், ரியுகு குறுங்கோளை நெருங்கி இறங்கியபோது, இருபக்கச் சூரியத் தகடுகளோடு தன் நிழல் பாறைகள் மேல் விழுந்ததைத் தானே படமெடுத்தது. நிழல் விழும் தூரத்துக்கே இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.