லேபிளைக் குப்பையில் போடாதீர்கள்

கேள்வி: வணக்கம் அக்கா. தோட்டப் பாலர் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நடமாட்டக் கட்டுப்பாட்டு காலத்தில் காணொளி பார்த்துப் பின்னல் கற்றேன். கேமரன் மலையில் இருக்கும் பேரனுக்கு ஸ்வெட்டர் பின்ன, இணையக் கடை ஒன்றில் '100% வுல்' (முழுக்க ஆட்டுக் கம்பளி) என்று போட்டிருந்த நீல நூலை 50 கிராம் உருண்டையாக 6 வாங்கினேன். ஒன்று 7 வெள்ளி 50 காசு. இரண்டாவது கையில் பாதியிலேயே நூல் தீர்ந்துவிட்டது. அதே கடையில் மேலும் 2 வாங்கினால், அது பச்சை கலந்த நீலமாக வந்தது. முடித்து வைத்திருந்த முன் துண்டுக்கு இஸ்திரி போட்டேன், அதுவும் பளபளவென்று தட்டையாகித் துவண்டுவிட்டது. கேட்டால் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்கிறார் கடைக்காரர். 60 வெள்ளி போனது போனதுதானா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, போகவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் கலந்திருக்கின்றன. ஒன்றுக்குக் கடைக்காரர் பொறுப்பு, மற்றொன்றுக்குப் பெரும்பாலும் இல்லை. பிரித்துக்கொண்டால்தான் வழக்கு நிற்கும்.

நிற வேறுபாட்டை முதலில் பார்ப்போம். நூலுக்குத் தொட்டி தொட்டியாகச் சாயம் போடுவார்கள். அதே சாயம், அதே அளவு என்றாலும் ஒரு தொட்டியில் ஊறியது போல அடுத்த தொட்டியில் ஊறாது. அதனால்தான் உருண்டையைச் சுற்றியிருக்கும் காகிதத்தில் நிற எண்ணோடு லாட் எண் என்று இன்னொன்றும் இருக்கும். நிற எண் ஒன்றாக இருந்து லாட் எண் மாறினால், கையில் வைத்துப் பார்க்கும்போது தெரியாத வேறுபாடு பின்னி முடித்து வெயிலில் பிடிக்கும்போது கோடு போட்டது போலத் தெரியும். 'அதே லாட் வேண்டும்' என்று நீங்கள் எழுதிக் கேட்டு அவரும் சரி என்றிருந்தால் அவர் பொறுப்பு. கேட்கவில்லை என்றால் அதற்காக அவரைக் குறை சொல்வது கடினம்.

இஸ்திரி விஷயம் அப்படி இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது அக்ரிலிக் என்ற செயற்கை நூலாக இருக்க வேண்டும். அக்ரிலிக் சூட்டில் தன் உயிர்ப்பை இழந்துவிடும், எத்தனை முறை துவைத்தாலும் பழைய துள்ளல் திரும்பாது. ஆட்டுக் கம்பளியும் அதிகச் சூட்டில் பளபளக்கும் என்பதால் ஒரு சோதனை செய்து பாருங்கள். மிச்சம் இருக்கும் நூலில் விரல் நீளம் எடுத்து, இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே கொளுத்துங்கள். ஆட்டுக் கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், தீயை எடுத்ததும் மெல்ல அணையும், சாம்பலை நசுக்கினால் பொடியாகும். பருத்தி காகிதம் போல எரியும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறியதும் கறுப்பு மணி போல இறுகிவிடும். சொட்டு கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுகிய மணி வந்தால் சட்டம் உங்கள் பக்கம். விற்கும் பொருள் சொன்ன விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். 'திரும்பப் பெறப்படாது' என்று எழுதி வைப்பதால் அந்த உரிமை போய்விடாது. கடை மலேசியாவில் இருந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா. முதல் படிவத்தை நிரப்பி 5 வெள்ளி கட்டினால் போதும், வழக்கறிஞர் வேண்டாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டு அவகாசம் உண்டு. 60 வெள்ளிக்கு இதெல்லாமா என்று தயங்க வேண்டாம். 'தீர்ப்பாயத்துக்குப் போகிறேன்' என்று தேதி போட்டு எழுதிய ஒரு செய்தியே பல கடைக்காரர்களை இறங்கி வர வைக்கும்.

அதற்கு முன்பு எதையும் பிரித்துவிடாதீர்கள். ஸ்வெட்டர், லேபிள், '100% வுல்' என்ற விளம்பரத்தின் படம், கட்டணச் சீட்டு, பேசிய செய்திகள் எல்லாம் சாட்சி. விளம்பரத்தை இன்றே படம் பிடித்து வையுங்கள், நாளை மாற்றிவிடுவார்கள். இனி இணையத்தில் வாங்கினால் 'பொருள் கிடைத்தது' என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன்பே ஓர் உருண்டையைப் பிரித்து இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். அழுத்தியதும் பணம் கடைக்காரருக்குப் போய்விடும். விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் இது இன்னும் முக்கியம், அவரைத் தீர்ப்பாயத்தின் முன் கொண்டுவருவது லேசான காரியம் இல்லை.

பணம் கிடைத்த பிறகு பேரனுக்கு என்ன செய்வது? இரண்டு கைகளையும் பிரித்துவிட்டு, இரண்டையும் புது லாட்டிலேயே பின்னுங்கள். உடல் ஒரு நீலம், கைகள் வேறு நீலம் என்றால் வேண்டுமென்றே செய்த அழகாக இருக்கும். ஒரே கையில் பாதி மாறினால்தான் கண்ணை உறுத்தும். கைகளைப் பிரித்த பழைய நூலில் முன் துண்டைத் திரும்பப் பின்னுங்கள். இந்த முறை இஸ்திரி வேண்டாம், ஈரத்துணி போட்டுக் காய விட்டாலே போதும்.

கேள்வி: பசார் மாலாம் இரவுச் சந்தையில் 30, 40 ஊசிகள் கொண்ட செட் மலிவாகக் கிடைக்கிறது. புதிதாகக் கற்பவர் வாங்கலாமா?
– கோலகங்சார்

பதில்: வேண்டாம். 4 மில்லிமீட்டர் தடிமன், 80 சென்டிமீட்டர் நீளத்தில் மூங்கில் வட்ட ஊசி (இரண்டு ஊசிகளை வளையும் குழாயால் இணைத்தது) ஒன்று போதும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கை வியர்க்கும்போது உலோக ஊசியில் கண்ணி வழுக்கும், மூங்கில் பிடித்துக்கொள்ளும். வாங்கும்போது ஊசியும் குழாயும் சேரும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் நூலும் மாட்டும்.

கேள்வி: மேலங்கி ஒன்று பின்ன ஆசை, ஆனால் இந்த வெயிலில் கம்பளி போட முடியாது. வடிவப் புத்தகத்தில் ஆட்டுக் கம்பளி 8 உருண்டை என்று இருக்கிறது. அதற்குப் பதில் பருத்தி 8 உருண்டை வாங்கினால் சரியா?
– ஈப்போ

பதில்: சரியாக வராது. எனக்கும் போன தீபாவளிக்கு முன்பு இதே எண்ணம்தான், அந்த மேலங்கி இன்னும் பாதியில் கிடக்கிறது. உருண்டை எண்ணிக்கையை விடுங்கள், மீட்டரைப் பாருங்கள். 50 கிராம் கம்பளி உருண்டை 120 மீட்டர் இருந்தால் 8 உருண்டை 960 மீட்டர். பருத்தி கனமான நூல். அதே 50 கிராமில் 85 மீட்டர்தான் என்றால் 12 உருண்டை வேண்டும். பன்னிரண்டும் ஒரே லாட்டில், ஒரே நாளில். ஒன்று கூடுதலாகவே வாங்குங்கள், பிரிக்காத உருண்டையைத் திரும்ப எடுப்பார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து 500 வெள்ளிக்குள் இணையத்தில் வாங்கும் பொருளுக்கு 2024 முதல் 10% வரி உண்டு. விலையை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

'மில்க் காட்டன்' என்று போட்ட நூல் என்றால் லேபிளில் கலவையைத் தேடிப் படியுங்கள். பல உருண்டைகளில் பருத்தியோடு அக்ரிலிக்கும் இருக்கும். அது தவறில்லை, துவைக்கச் சுலபம். வியர்வை உறிஞ்சும் என்று நம்பி வாங்கினால்தான் ஏமாற்றம்.

மேலங்கியைத் தொடங்குவதற்கு முன்பு 15 சென்டிமீட்டர் சதுரத்தில் மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, காய்ந்த பிறகு அளந்து பாருங்கள். வடிவத்தில் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்று இருந்து உங்கள் கைக்கு 20 வந்தால், 80 சென்டிமீட்டர் மார்பளவுக்குப் போட்ட 176 கண்ணிகள் 88 சென்டிமீட்டராக விரியும். பருத்திக்கு இழுத்தால் திரும்பும் குணமும் குறைவு, தன் பாரத்திலேயே நீளும். நான் முதலில் பின்னிய பருத்திச் சட்டை கொடியில் தொங்கியே முழங்கால் வரை இறங்கிவிட்டது. இப்போதெல்லாம் வீட்டு முன் ஐந்தடி நடையில் இருக்கும் கட்டில் மேல் துண்டை விரித்து, அதன் மேல் பரப்பித்தான் காய வைக்கிறேன்.